எழுநூற்று எழுபத்தேழில் ஒரு பங்கு

பீக்வோட் என்ற திமிங்கில வேட்டைக் கப்பலுக்கு அமெரிக்காவின் நன்டக்கெட் தீவில் ஆள் எடுக்கிறார்கள். பயணம் மூன்று வருஷம். வேலை கேட்டு வந்திருக்கும் இஷ்மேலுக்கு என்ன கொடுக்கலாம் என்று பெலெக் தன் கூட்டாளி பில்டாடிடம் கேட்கிறார். இருவரும் கப்பலின் பெரிய பங்குதாரர்கள். பில்டாட் பைபிளில் மூழ்கியிருக்கிறார். தலையை நிமிர்த்தாமலே பதில் வருகிறது: எழுநூற்று எழுபத்தேழாவது பங்கு அதிகமாகிவிடாதே? அதே மூச்சில் மத்தேயு வசனமும் தொடர்கிறது: ‘பூமியிலே உங்களுக்குப் பொக்கிஷங்களைச் சேர்த்துவைக்கவேண்டாம், இங்கே பூச்சியும் துருவும் அவைகளைக் கெடுக்கும்.’

ஹெர்மன் மெல்வில் எழுதி 1851-ல் வெளிவந்த ‘மோபி டிக்’ நாவலின் 16ஆம் அத்தியாயம் இது. அந்தக் கப்பல்களில் மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். நம் கடற்கரையில் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. திரும்பி வந்து திமிங்கில எண்ணெயை விற்று, செலவு போக மிஞ்சியதில் இன்னாருக்கு இத்தனையில் ஒரு பங்கு என்று புறப்படும்போதே எழுதி வாங்கிவிடுவார்கள். ஒரு பேச்சுக்கு மிச்சம் 77,700 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பில்டாட் சொன்னபடி இஷ்மேலுக்கு 100 டாலர். மூன்று வருஷத்துக்கும் சேர்த்து. பெலெக் சண்டை பிடித்து 300-ல் ஒரு பங்கு ஆக்குகிறார், அப்போது 259. பின்னால் வரும் குவீக்வெக் ஈட்டி எறிவதில் சூரன் என்பதால் அவனுக்கு 90-ல் ஒரு பங்கு, ஏறக்குறைய 863. எண் பெரிதாகப் பெரிதாகக் கூலி சிறுத்துப்போகும். 777 என்ற எண்ணின் கம்பீரத்தைப் பார்த்துக் கரைக்காரன் ஏமாறக்கூடும் என்று மெல்வில் அங்கேயே குறும்பாக எச்சரிக்கிறார்.

மொழிபெயர்ப்பில் இந்த இடம் பாதி செத்துவிடும். ‘பங்கு’ என்பதற்குக் கப்பல்காரர்கள் சொல்லும் சொல் ‘லே’. ‘சேர்த்துவைக்கவேண்டாம்’ என்ற வசனத்தின் ஆங்கிலத்திலும் முதல் சொல் அதே ‘லே’. வேதம் வாசிக்கிற வாய் அதே சொல்லால் கூலியையும் குறைக்கிறது. பெலெக் ஏசும்போது பில்டாட் தரும் பதிலையும் கவனிக்க வேண்டும். கப்பலில் சின்னச் சின்னப் பங்கு வைத்திருக்கும் விதவைகளும் அனாதைகளும் இருக்கிறார்கள், இந்தப் பையனுக்கு அள்ளிக் கொடுத்தால் அவர்கள் வாயிலிருந்து ரொட்டியைப் பிடுங்கியதாகும் என்கிறார். அது பொய்யும் இல்லை. ஒரு பலகை அளவுக்கு, ஓர் ஆணி அளவுக்குப் பங்கு வைத்திருக்கும் விதவைகள் அந்த ஊரில் நிஜமாகவே உண்டு என்று கதையே சொல்கிறது. பில்டாடின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. வாசகனுக்கு அதுதான் இடைஞ்சல்.

அமெரிக்க இலக்கியத்தில் மனிதப் போராட்டம், அறம் என்று பேச்செடுத்தால் கல்லூரிக் குறிப்புகள் உடனே மூன்று டப்பாக்களை எடுத்து வைக்கும்: மனிதனும் இயற்கையும், மனிதனும் சமூகமும், மனிதனும் அவன் மனசாட்சியும். எந்த நாட்டுக் கதையையும் இந்த டப்பாக்களில் போட்டு மூடிவிடலாம் என்பதால் அவற்றால் பெரிய பயன் இல்லை. இந்த நாட்டு நூல்களுக்கென்று ஒரு தனி வழக்கம் உண்டு. அறச் சிக்கல் வரும் இடத்தில் அநேகமாக ஒரு தொகையும் கூடவே வரும். இத்தனை டாலர், இத்தனை சென்ட், இத்தனை பீப்பாய். ‘ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலின் முன்னுரையில் ஹாதார்ன், முறைகேடான உறவுக்குத் தண்டனையாகக் கதாநாயகி ஹெஸ்டர் அணிந்த சிவப்பு எழுத்தை, சுங்க அலுவலகத்துப் பழைய காகிதக் கட்டில் கண்டெடுத்ததாகக் கதை விடுகிறார். எடுத்ததும் செய்கிற முதல் காரியங்களில் ஒன்று அளந்து பார்ப்பது: எழுத்தின் ஒவ்வொரு காலும் துல்லியமாக மூன்றேகால் அங்குலம். மனிதர் அப்போது நிஜமாகவே மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் ஊர்ச் சுங்க அதிகாரி. கை சும்மா இருக்கவில்லை. ஆகவே எண் வரும் இடத்தில் நின்று படியுங்கள். யார் கூட்டுகிறார், எதை விட்டுவிட்டுக் கூட்டுகிறார் என்று பாருங்கள்.

இந்தப் பழக்கத்தின் ஊற்று பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் சுயசரிதையில் இருக்கிறது. அவர் தனக்குத் தானே சித்திரகுப்தன். நற்குணங்கள் 13 என்று பட்டியல் போட்டு, குணத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஏழு நாளுக்கு ஏழு பத்தி, எல்லாம் சிவப்பு மையில் கோடு. தவறு செய்த நாளில் கறுப்புப் புள்ளி. வாரம் ஒரு குணம் என்று 13 வாரத்தில் ஒரு சுற்று. வருஷத்துக்கு நான்கு சுற்று, 52 வாரமும் கச்சிதமாகத் தீரும். ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றுக்குப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிவிட்டது. அதனால் தந்த ஏடுகள் கொண்ட குறிப்பேட்டுக்கு மாறி, பென்சிலால் குறித்து ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டாராம். இதைப் படித்துச் சிரிக்கலாம், அவரும் சிரித்துக்கொண்டேதான் எழுதியிருக்கிறார். ஆனால் பாவத்தைப் புள்ளியாக்கிக் கூட்டிக் கழிக்கலாம், துடைத்துவிட்டு அடுத்த சுற்றைத் தொடங்கலாம் என்ற நம்பிக்கை அந்த நாட்டில் வேரோடியது. அடுத்த நூற்றாண்டின் பெரிய எழுத்தாளர்கள் அந்தக் குறிப்பேட்டோடுதான் மல்லுக்கு நின்றார்கள்.

மல்லுக்கட்டின் உச்சம் ‘மோபி டிக்’ 93ஆம் அத்தியாயம். பிப் கப்பலில் எடுபிடி வேலை செய்யும் கறுப்பினச் சிறுவன். ஒருவனுக்குக் கை சுளுக்கியதால் அவன் இடத்தில் துடுப்புப் போட, கப்பலின் இரண்டாம் துணைவன் ஸ்டப்பின் படகில் ஏற்றப்படுகிறான். ஈட்டி பட்ட திமிங்கிலம் படகின் அடிப்பலகையைத் தட்டியதும் பயத்தில் குதித்துவிடுகிறான். ஓடும் கயிறு அவன் மார்பையும் கழுத்தையும் சுற்றி இறுக்குகிறது. கயிறை அறுத்தால் பையன் பிழைப்பான், திமிங்கிலம் போய்விடும். ஈட்டி எறியும் டாஷ்டெகோ கத்தியைக் கயிற்றின் மேல் வைத்துக்கொண்டு ஸ்டப்பைப் பார்க்கிறான்: அறுக்கவா? பிப்பின் முகம் நீலம் பாரித்துக் கெஞ்சுகிறது. அறுத்துத் தொலை என்கிறான் ஸ்டப். எல்லாம் அரை நிமிஷத்துக்குள். திமிங்கிலம் போனது, பிப் பிழைத்தான்.

பிறகு ஸ்டப் புத்தி சொல்கிறான். கெட்டவன் இல்லை அவன். கப்பலிலேயே கலகலப்பான ஆள். இனி குதித்தால் எடுக்க மாட்டேன், உன்னைப் போன்றவர்களுக்காகத் திமிங்கிலத்தை இழக்கக் கட்டுப்படியாகாது, அலபாமாவில் உனக்குக் கிடைக்கும் விலையைப் போல முப்பது மடங்கு ஒரு திமிங்கிலத்துக்குக் கிடைக்கும் என்கிறான். பையன் மறுபடியும் குதிக்கிறான். ஸ்டப் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான். பின்னால் வரும் இரண்டு படகுகள் எடுத்துக்கொள்ளும் என்று நினைத்தான். அவை வேறு திமிங்கிலங்களைக் கண்டு திரும்பிவிட்டன. தற்செயலாகக் கப்பல்தான் பிப்பைக் கண்டு எடுக்கிறது. உடல் வந்தது, புத்தி வரவில்லை.

இதைத் தனிமனிதக் கொடூரமாகப் படிப்பது எளிது, தவறும்கூட. மெல்வில் இதை எழுதிய காலத்தில் முப்பது மடங்குக் கணக்கு ஸ்டப்பின் கற்பனை இல்லை, நாட்டின் நடைமுறை. 1850-ல் நிறைவேறிய தப்பியோடிய அடிமைகள் சட்டத்தின்படி, பிடிபட்டவர் அடிமைதான் என்று சான்று கொடுக்கும் ஆணையருக்குக் கட்டணம் 10 டாலர். இல்லை என்று விடுவித்தால் 5 டாலர். எழுத்துவேலை கூடுதல் என்று அதற்குக் காரணமும் சொன்னார்கள். 1851 ஏப்ரலில் தாமஸ் சிம்ஸ் என்பவரைப் பாஸ்டனிலிருந்து அடிமைத்தனத்துக்குத் திருப்பி அனுப்பும் வழக்கில், குறுக்கிட மறுத்த மாசசூசெட்ஸ் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா வேறு யாருமில்லை, மெல்வில்லின் மாமனார். அடிமை முறையைத் தனிப்பட்ட முறையில் வெறுத்தவர் அவர். சட்டம் சட்டம்தான் என்று கைவிரித்துவிட்டார். அதே வருஷம் மருமகனின் நாவலும் வெளிவந்தது.

அந்தக் கப்பலில் கேப்டன் ஆஹாப்பை எதிர்க்கத் துணிந்த ஒரே ஆள் முதல் துணைவன் ஸ்டார்பக். அவன் எதைக் கொண்டு எதிர்க்கிறான் என்று பாருங்கள். 36ஆம் அத்தியாயத்தில் ஆஹாப் பதினாறு டாலர் தங்க நாணயத்தைப் பாய்மரத்தில் ஆணி அடித்து, தன் காலைப் பறித்த வெள்ளைத் திமிங்கிலத்தை முதலில் காண்பவனுக்கு இது என்கிறான். மாலுமிகள் ஆரவாரம் செய்கிறார்கள். ஸ்டார்பக் மட்டும் கேட்கிறான்: உங்கள் பழிவாங்கல் எத்தனை பீப்பாய் தேறும்? நன்டக்கெட் சந்தையில் அதற்குப் பெரிய விலை கிடைக்காதே? நல்லவன், பக்திமான், பிள்ளைகுட்டிக்காரன். பைத்தியத்தைத் தடுக்க அவனிடம் இருக்கும் முக்கியமான ஆயுதம் சந்தை விலை. ஆஹாப் அதை ஒரே வார்த்தையில் ஊதிவிடுகிறான். 123ஆம் அத்தியாயத்தில், தூங்கும் ஆஹாப்பின் அறை வாசலில் துப்பாக்கியோடு நின்று, ஒருவனைக் கொன்றால் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் பிழைப்பார்களே என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறான். கூட்டல் சரியாக வருகிறது. துப்பாக்கியை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போகிறான். அவன் செய்தது அறமா கோழைத்தனமா என்று இன்னும் வாதம் நடக்கிறது. என்னைக் கேட்டால், பீப்பாயில் ஆரம்பித்த ஆள் தலைகளை எண்ணுவதில் போய்ச் சேர்வது இயல்பு, அங்கே அவன் கை தயங்கியதுதான் அவனிடம் மிஞ்சியிருந்த நல்லது. கப்பல் மூழ்கியது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

இந்த நாவலில் 135 அத்தியாயங்கள். முதல் தடவை வாசிக்கிறவர்கள் திமிங்கில வகைகளைப் பிரித்துச் சொல்லும் 32ஆம் அத்தியாயத்தில் மூச்சு முட்டிப் புத்தகத்தை மூடுவது வழக்கம். அதைத் தாண்டிப் போங்கள், பிறகு திரும்பி வரலாம். 16, 36, 93, 109, 123 இவற்றைத் தாண்டக் கூடாது.

தோரோவின் ‘வால்டன்’ வேறு மாதிரிக் கணக்கு. 1845 ஜூலை 4 அன்று குளக்கரைக் குடிலில் குடியேறினார். குடிலுக்கு ஆன செலவை அரைச் சென்ட் விடாமல் எழுதினார்: பலகை 8 டாலர் 3½ சென்ட், கண்ணாடியோடு இரண்டு பழைய ஜன்னல் 2 டாலர் 43 சென்ட், ஆயிரம் பழைய செங்கல் 4 டாலர், ஆணி 3 டாலர் 90 சென்ட், எல்லாம் சேர்த்து 28 டாலர் 12½ சென்ட். கல்லூரியில் ஓர் அறைக்கு வருஷ வாடகையே 30 டாலர் என்று சேர்த்துச் சொல்லி மடக்குகிறார். எளிமையாக வாழ இது போதும் என்ற வாதத்துக்கு இந்தப் பட்டியலையே எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

அந்தப் பலகைகள் எங்கிருந்து வந்தன? ஜேம்ஸ் காலின்ஸ் என்ற ஐரிஷ் ரயில்பாதைக் கூலியின் குடிசையை 4 டாலர் 25 சென்டுக்கு வாங்கிப் பிரித்தார். ராத்திரி பணம், காலை ஐந்து மணிக்குக் குடிசை காலி. ஆறு மணிக்கு வழியில் அந்தக் குடும்பம் எதிர்ப்படுகிறது. ஒரே ஒரு பெரிய மூட்டை. அதற்குள் படுக்கை, காப்பி அரைக்கும் எந்திரம், முகம் பார்க்கும் கண்ணாடி, கோழிகள் எல்லாம் அடக்கம். பூனை மட்டும் வரவில்லை, காட்டுக்குள் ஓடிவிட்டது. தோரோ இதையெல்லாம் மறைக்கவில்லை. எழுதியிருக்கிறார், அழகாகவே எழுதியிருக்கிறார். ஆனால் அது ஒரு பத்தியில் இருக்கிறது, 28 டாலர் 12½ சென்ட் வேறொரு பத்தியில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கூட்டுவது வாசகன் வேலை.

அதே 1845-ல் ஃபிரெடெரிக் டக்ளஸின் தன்வரலாறு வெளிவந்தது. பால்டிமோரில் அவருக்குக் கப்பல்துறையில் கலப்பற்று வேலை. மரக்கப்பலின் பலகை இடுக்குகளில் நாரைத் திணித்து நீர் புகாமல் அடைப்பது. நாள் கூலி ஒன்றரை டாலர். பேசியது அவர், உழைத்தது அவர், கையில் வாங்கியதும் அவர். சனிக்கிழமை ராத்திரி எல்லாவற்றையும் எஜமானன் ஹ்யூ ஆல்டிடம் வைக்க வேண்டும், ஏனென்றால் அவர் அடிமை. எண்ணிப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று கேட்பான். முழுசாக ஆறு டாலர் கொண்டுவந்தால் சில சமயம் உற்சாகப்படுத்த ஆறு சென்ட் திருப்பிக் கொடுப்பான்.

நூற்றில் ஒரு பங்கு. பில்டாட் கொடுக்க நினைத்ததைவிடத் தாராளம் என்றுகூடச் சொல்லலாம், அந்தக் கசப்பான வேடிக்கை இங்கே பொருந்தும். டக்ளஸ் அந்த ஆறு சென்டைப் பற்றி எழுதியது அடிமை முறை குறித்து எழுதப்பட்ட மிகக் கூர்மையான வரிகளில் ஒன்று. ஒரு சென்ட் எனக்கு உரியது என்று அவன் ஒப்புக்கொண்டால் எல்லாமே எனக்கு உரியது என்று ஒப்புக்கொண்டதாகும் என்கிறார். கொடுக்காமல் இருந்த நாட்களைவிடக் கொடுத்த நாட்களில்தான் அவருக்கு மனசு அதிகம் புழுங்கியது. இந்தச் சில்லறை அவன் மனசாட்சியைத் தணித்து, தான் ஓரளவு மரியாதையான கொள்ளைக்காரன் என்று நினைக்க வைத்துவிடுமோ என்ற பயம்.

பிறகு இன்னொரு ஏற்பாடு வந்தது. சொந்த நேரத்தைச் சொந்தமாகவே வாடகைக்கு எடுத்துக்கொள்வது. எஜமானனுக்கு வாரம் 3 டாலர். சாப்பாடும் தங்குமிடமும் இரண்டரை டாலர். துணிமணி, கருவித் தேய்மானம் சேர்த்து வாரச் செலவு ஆறு டாலர் பக்கம். மழை பெய்து வேலை இல்லாவிட்டாலும் 3 டாலர் போயாக வேண்டும். எஜமானனுக்கு அடிமையை வைத்திருப்பதன் லாபம் முழுக்க உண்டு, சோறு போடும் செலவு இல்லை. டக்ளஸ் இதை ஒப்புக்கொண்டது சுதந்திரத்தை நோக்கி ஓர் அடி என்பதால். 1838 செப்டம்பர் 3 அன்று தப்பினார். இந்தப் பக்கங்களை வாசிக்கும்போது சாட்டையடிப் பக்கங்களுக்கு மட்டும் கண் கலங்கிவிட்டு இந்தக் கூலிக் கணக்கைத் தாண்டிப்போவது பலரும் செய்கிற பிழை. அவர் வாதம் இதில்தான் இருக்கிறது.

இனி மார்க் ட்வெய்ன். ‘ஹக்கிள்பெரி ஃபின்’ 1884 டிசம்பரில் இங்கிலாந்திலும், 1885 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் வெளிவந்தது. இதில் நாற்பது என்ற தொகையை மட்டும் பின்தொடர்ந்தால் போதும், நாவலின் அறம் முழுக்கக் கையில் வந்துவிடும்.

அதற்கு முன், தப்பியோடிய அடிமை ஜிம் தனக்குத் தானே வைக்கும் விலை. அடிமை வியாபாரி ஒருவன் தனக்கு 800 டாலர் தருவதாகப் பேசியதைக் கேட்டுத்தான் மிஸ் வாட்சன் வீட்டிலிருந்து ஓடிவந்தான். தீவில், தன்னைப் போலவே ஓடிவந்த சிறுவன் ஹக்கிடம் சொல்கிறான்: நான் இப்போது பணக்காரன், என்னை நானே வைத்திருக்கிறேன், என் மதிப்பு எண்ணூறு டாலர், அந்தப் பணம் கையில் இருந்தால் நன்றாயிருக்கும். டக்ளஸ் படித்து எட்டிய இடத்துக்கு ஜிம் பேச்சுவாக்கில் வந்துவிடுகிறான்.

16ஆம் அத்தியாயத்தில் தெப்பம் மிதக்கிறது. விடுதலை மாநிலத்துக்குப் போய்ச் சம்பாதித்து மனைவியை விலைக்கு வாங்குவேன், பிறகு இருவரும் உழைத்துப் பிள்ளைகளை வாங்குவோம், அவர்களின் எஜமானன் விற்க மாட்டேன் என்றால் திருடுவோம் என்கிறான் ஜிம். ஹக்குக்கு உடம்பு சில்லிட்டுவிடுகிறது. முகம் தெரியாத ஒரு மனிதருடைய பொருளை, தனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவருடைய பொருளை, இவன் திருடுவானா! அந்தப் பொருள் ஜிம்மின் பிள்ளைகள். ஹக் காட்டிக்கொடுக்கத் துடுப்புப் போட்டுக் கிளம்புகிறான். துப்பாக்கியோடு இரண்டு பேர் எதிர்ப்படுகிறார்கள். தெப்பத்தில் இருப்பவன் வெள்ளையனா கறுப்பனா? சொல்ல வந்த நாக்கு புரண்டு, வெள்ளையன் என்கிறது. என் அப்பா, உதவுங்கள், யாரும் கிட்டவே வர மாட்டேன் என்கிறார்கள் என்று அழுகிறான். அம்மை என்று அவர்களாகவே முடிவு செய்து பின்வாங்கி, மனசு கேட்காமல் ஆளுக்கு ஓர் இருபது டாலர் தங்க நாணயத்தைப் பலகையில் வைத்து மிதக்கவிடுகிறார்கள். நாற்பது டாலர். அடிமை பிடிக்க வந்தவர்களின் தர்மம், நல்ல மனசோடு கொடுத்த தர்மம், அடிமையின் கைக்கே வந்து சேர்கிறது.

நல்லது செய்வது தொந்தரவு, கெட்டது செய்வதில் தொந்தரவே இல்லை, கூலியோ இரண்டுக்கும் ஒன்றுதான், அப்புறம் நல்லதைக் கற்று என்ன பயன் என்று ஹக் யோசிக்கிறான். இங்கே புதிய வாசகர் சறுக்குவார். ஹக் தன்னைக் கெட்டவன் என்று சொல்வதைப் பணிவு என்றோ கிண்டல் என்றோ எடுத்துக்கொள்வார். பையன் முழுக்க நம்பித்தான் சொல்கிறான். ஊர் அவனுக்குக் கொடுத்த மனசாட்சி அடிமையைத் திருப்பிக் கொடு என்கிறது. நல்ல இதயமும் கோணிய மனசாட்சியும் மோதி மனசாட்சி தோற்கும் கதை என்று ட்வெய்னே பின்னாளில் குறித்து வைத்தார். மனசாட்சி சொல்வதைக் கேள் என்று வளர்ந்த நமக்கு, மனசாட்சியே வில்லனாக வரும் கதை லேசில் பிடிபடாது.

இரண்டாவது நாற்பது 31ஆம் அத்தியாயத்தில். கூட வந்த எத்தர்களில் ‘ராஜா’ என்பவன், 200 டாலர் பரிசு என்று பொய் அறிக்கை காட்டி ஜிம்மை 40 டாலருக்கு விற்றுக் குடித்துவிடுகிறான். ஹக் மிஸ் வாட்சனுக்கு ஜிம் இருக்கும் இடத்தைச் சொல்லிக் கடிதம் எழுதுகிறான். எழுதியதும் பாவம் கழுவிய மாதிரி மனசு லேசாகிறது, ஜெபம்கூட வரும்போல் இருக்கிறது. உடனே ஜெபிக்கவில்லை, காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு நினைக்க ஆரம்பிக்கிறான். தன் காவல் முறை முடிந்தும் எழுப்பாமல் தனக்காகவும் சேர்த்துக் கண்விழித்த ஜிம், மூடுபனியில் தொலைந்து திரும்பியபோது சந்தோஷப்பட்ட ஜிம். எந்தத் தொகையும் இல்லாத பத்தி இது. கண் மறுபடி கடிதத்தில் விழுகிறது. சரி, நரகத்துக்கே போகிறேன் என்று கிழித்துப் போடுகிறான்.

ஜிம் திருட்டுப்போன இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மற்றது ஏமாற்று வேலை என்று 1935-ல் ஹெமிங்வே எழுதினார். பின்பகுதியில் ஹக்கின் நண்பன் டாம் சாயர் வந்து ஜிம்மை விடுவிக்கிறேன் என்று வாரக்கணக்கில் கூத்தடிப்பது சலிப்பூட்டுவது உண்மை. ஆனால் அங்கே நிறுத்தினால் மூன்றாவது நாற்பதை இழந்துவிடுவோம். மிஸ் வாட்சன் இரண்டு மாதத்துக்கு முன்பே செத்துப்போய், உயிலில் ஜிம்மை விடுதலை செய்துவிட்டாள். டாமுக்கு அது ஆரம்பத்திலிருந்தே தெரியும். விடுதலையான மனிதனைச் சங்கிலியில் வைத்து விளையாடிவிட்டு, பொறுமையாகக் கைதியாக இருந்ததற்காக அவன் ஜிம்முக்கு 40 டாலர் கொடுக்கிறான். ஜிம்முக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பயத்தின் தர்மம், எத்தனின் விலை, செல்லப்பிள்ளையின் நஷ்டஈடு. மூன்றும் ஒரே தொகை. ட்வெய்ன் வேண்டுமென்றே செய்தாரா என்று கேட்பவர்களுக்கு, அச்சுக்கூடத்தில் வளர்ந்து, பிற்பாடு பணத்தை முதலீடு செய்தே நொடித்துப்போன மனிதர் தொகையை அசட்டையாகப் போட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை என்பேன்.

ஸ்டைன்பெக்கின் ‘கிரேப்ஸ் ஆஃப் ராத்’ 1939-ல் வந்தது. ஓக்லஹோமாவில் நிலம் இழந்த குடும்பங்கள் கலிஃபோர்னியாவுக்குப் போகின்றன. முகாமில் ஒருவன் விளக்குகிறான்: முதலாளிக்கு 800 ஆள் தேவை, 5,000 துண்டறிக்கை அடிக்கிறான், 20,000 பேர் பார்க்கிறார்கள், இரண்டு மூவாயிரம் பேர் கிளம்பிவிடுகிறார்கள். கூலி ஏன் சரிகிறது என்பதற்குப் பொருளாதாரப் பாடமே தேவையில்லை. பீச் பழம் பெட்டிக்கு 5 சென்ட். வேலைநிறுத்தம் உடைந்த மறுகணம் இரண்டரை.

இந்த நாவலில்தான் கணக்குக்கு எதிராக ஒன்று முளைக்கிறது. 15ஆம் அத்தியாயம், நெடுஞ்சாலை ஓரச் சாப்பாட்டுக் கடை. ஒரு தகப்பன் பத்து சென்டுக்கு ரொட்டி கேட்கிறான். ரொட்டி பதினைந்து சென்ட், இது மளிகைக் கடை இல்லை என்கிறாள் பரிமாறும் பெண் மே. உள்ளே அடுப்படியில் இருந்து அல், கொடுத்துத் தொலை என்று உறுமுகிறான். பையிலிருந்து பத்து சென்ட் நாணயத்தை எடுக்கும்போது ஒரு சென்டும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இரண்டு பையன்கள் கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த மிட்டாய் சென்டுக்கு ஒன்றா என்று கேட்கிறான். சென்டுக்கு இரண்டு என்கிறாள் மே. அவர்கள் போனதும் லாரிக்காரர் ஒருவர் சொல்கிறார்: அது ஒன்று ஐந்து சென்ட் மிட்டாய். உனக்கென்ன என்று சீறுகிறாள். சாப்பிட்ட இரண்டு லாரிக்காரர்களும் ஆளுக்கு அரை டாலர் வைத்துவிட்டு மிச்சம் வாங்காமல் போகிறார்கள். இத்தோடு முடித்திருந்தால் பண்டிகை மலர்க் கதையாகியிருக்கும். ஸ்டைன்பெக் விவரம் தெரிந்தவர். அடுத்த நிமிஷம் அல் கடையில் இருக்கும் சூதாட்ட எந்திரங்களின் புள்ளிக் குறிப்பைப் பார்த்து, எது காசைக் கொட்டும் தருவாயில் இருக்கிறது என்று கணித்து, தானே ஆடி, விழுந்த நாணயங்களைக் கல்லாவில் போட்டுக்கொள்கிறான். ரொட்டியைக் கொடு என்று உறுமிய அதே அல்.

26ஆம் அத்தியாயத்தில் தோட்டக் கடை. குடும்பமே சேர்ந்து பறித்தது ஒரு டாலர், அதாவது இருபது பெட்டி. அதற்கான சீட்டு கறிக்கும் ரொட்டிக்கும் உருளைக்கிழங்குக்கும் காப்பிக்கும் தீர்ந்துபோகிறது. டவுனைவிட எல்லாமே விலை அதிகம். காப்பிக்குச் சர்க்கரை இல்லை. சாயந்திரம் சீட்டு வந்துவிடும், பத்து சென்டுக்குச் சர்க்கரை கடனாகக் கொடு என்று ஜோடு குடும்பத்துத் தாய் கேட்கிறாள். கடைக்காரன் நடுங்குகிறான். அவனும் கூலியாள்தான், கொடுத்தால் வேலை போய்விடும். கடைசியில் தன் பையிலிருந்து பத்து சென்ட் எடுத்துக் கல்லாவில் போடுகிறான். இப்போது கணக்கு சரியாகிவிட்டது என்கிறான். மே விலையைப் பொய்யாகச் சொன்னாள். இவனுக்கு அந்தச் சலுகைகூட இல்லை. கல்லா நேராக நிற்க வேண்டும், நஷ்டத்தைத் தானே ஏற்க வேண்டும். டக்ளஸின் எஜமானன் திருப்பிக் கொடுத்த ஆறு சென்டையும் இந்தப் பத்து சென்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தொகையில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆர்தர் மில்லரின் 1949 நாடகம் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ பற்றி ஒரு குறிப்பு மட்டும். வில்லி லோமன் பயணத்திலிருந்து வந்து 1,200 டாலருக்கு விற்றேன் என்கிறான். மனைவி லிண்டா பென்சிலை எடுத்ததும் தொகை இறங்கி இறங்கி 200-ல் நிற்கிறது. கமிஷன் 70 டாலரும் சில்லறையும். முதலாளியிடம் வாரம் 65 கேட்டு, 50-க்கு இறங்கி, 40-க்கு வந்து, வேலையையும் இழக்கிறான். 20,000 டாலர் ஆயுள் காப்பீட்டுக்காகச் சாகிறான். ஸ்டப்புக்கு இன்னொருவனை விலை போட ஒரு வரி போதும். இவன் தன்னையே விலை போட ஒரு முழு நாடகம் ஆகிறது.

கடைசியாக, தமிழில் ‘கடலும் கிழவனும்’ என்று நாம் அறிந்த, ஹெமிங்வேயின் 1952-ஆம் வருஷத்து நூல். களம் அமெரிக்கா இல்லை, கியூபா. 84 நாள் மீன் கிடைக்காத கிழவர் சாந்தியாகோ 40, 75, 100, 125 பாக ஆழத்தில் (ஒரு பாகம் ஆறடி) தூண்டில்களை இறக்குகிறார். நூறு பாகத்தில் மார்லின் என்ற ராட்சத மீன் கவ்வுகிறது. மூன்றாம் நாள் அதைக் கொன்று படகோடு கட்டியதும் முதல் காரியமாகக் கணக்குப் போடுகிறார்: ஆயிரத்து ஐந்நூறு பவுண்டுக்கு மேல் இருக்கும், கழிவு போக மூன்றில் இரண்டு பங்கு தேறினால், பவுண்டு முப்பது சென்ட் என்றால்? இதற்கு ஒரு பென்சில் வேண்டும், தலை அவ்வளவு தெளிவாக இல்லை என்று விட்டுவிடுகிறார். விடை குத்துமதிப்பாக 300 டாலர், புத்தகம் சொல்வதில்லை. ஒரு மணி நேரத்தில் மேக்கோ சுறா வந்து நாற்பது பவுண்டு கடித்துக்கொண்டு போகிறது. எல்லை தாண்டிப் போய்விட்டேன் என்று மீனிடமே மன்னிப்புக் கேட்கிறார்.

கரை சேர்ந்தபோது எலும்புக்கூடு. ஒரு மீனவர் கயிறு பிடித்து அளக்கிறார்: மூக்கிலிருந்து வால் வரை 18 அடி. பிறகு பங்கு பிரிக்கிறார்கள். தலை பெத்ரிகோவுக்கு, வெட்டி மீன்பொறியில் வைத்துக்கொள்ள. ஈட்டி மூக்கு, வேண்டுமென்றால், கிழவரிடம் மீன்பிடிக்கக் கற்ற பையனுக்கு.